மூன்று ஞாயிறு வாய் திறக்காதவள்

பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
9 பிப்ரவரி 2025

அன்புள்ள கேட்லினுக்கு,

இயேசுவுக்குப் புகழ். என் நம்பரை நீ பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. அனுப்பிய மெசேஜ் ஒன்றுக்கும் இரண்டாவது டிக் விழவில்லை. அதனால் அஞ்சலகத்துக்குப் போய் ஸ்டாம்ப் வாங்கிவந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து எப்படி என்று உனக்குத் தெரியும். பாடகர் குழுவில் நான் எழுதிக் கொடுத்த தாளைப் படிக்க முடியாமல் நீ வேறு பாட்டின் வரியைப் பாடினாய், பூசை வைத்துக்கொண்டிருந்த சாமியாரே திரும்பிப் பார்த்தார்.

செலீனா எப்படி இருக்கிறாள்? ஜூனில் நான்கு வயது ஆகிவிடும். மலேசியாவில், ஈப்போவில் உன் அம்மாவிடம் ஒட்டிக்கொண்டிருப்பாள். எங்கள் அம்மா தினமும் அவளைப் பற்றிக் கேட்கிறார், ஏதோ எனக்கு மட்டும் செய்தி வருகிற மாதிரி.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் போதை மறுவாழ்வு நிலையத்தில் தம்பி ஆர்னால்டைப் பார்த்தேன். உடம்பு தேறியிருக்கிறான். கன்னத்தில் சதை வந்திருக்கிறது. கடைசிக் கட்டத்தை வீட்டிலிருந்தே கழிக்க விடுவார்களாம், காலில் கண்காணிப்பு டேக் மாட்டி. அதற்கு ஒரு வீடு வேண்டும். பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் ஒருவர் வேண்டும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சர்க்கரை. மனைவி இருந்தால் நல்லது என்று அதிகாரி சொன்னார். நீயும் பிள்ளையும் திரும்பி வந்தால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று அம்மா நம்புகிறார்.

"அவ வந்தா நான் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டேன்னு சொல்லு கா" என்றான். அப்படியே எழுதிவிட்டேன்.

உன்னை வற்புறுத்தவில்லை. ஆனால் என்ன இருந்தாலும் இது முதல் தடவை. இந்த ஐஸ் போதை எத்தனையோ வீட்டில் புகுந்து வெளியே வந்திருக்கிறது. ஒரு தடவை சறுக்கியவனைக் கைவிட முடியுமா, நீயே யோசி.

அன்புடன்,
ஜெனிவீவ்


ஈப்போ
27 பிப்ரவரி 2025

ஜெனிவீவ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. செலீனா நலம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் அந்த நிலையத்தின் ஆலோசகர் அம்மா வீட்டு எண்ணுக்குப் போன் செய்தார். பொறுமையாகப் பேசினார். "ரெண்டாவது முறை உள்ள வர்றவங்களுக்குக் குடும்ப ஆதரவு இன்னும் முக்கியம் மா" என்றார். எனக்குப் புரியவில்லை. ரெண்டாவதுன்னா என்ன என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றார்.

2017-இல் உங்கள் தம்பி துபாயில் இருந்ததாகச் சொன்னீர்கள். ஒரு வருடம், விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. வெளிநாட்டில் தனியாக இருந்தும் கெட்டுப்போகாத பையன் என்றுதான் என் அப்பா பெண் கொடுக்கச் சம்மதித்தார். அதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். இப்போது அவர் இல்லை. இதைக் கேட்காமலே போய்விட்டார்.

2019 ஆகஸ்டில் நம் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நீங்கள் என் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டாவது ஞாயிறு என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஒரே கேள்வி. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வேறு எதையும் எழுத வேண்டாம்.

கேட்லின்


பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
16 மார்ச் 2025

கேட்லின்,

தெரியும்.

இதோடு நிறுத்தச் சொன்னாய். இரண்டு வாரம் இந்த ஒரு வார்த்தையை எழுதிவைத்துக்கொண்டு பார்த்தேன். இதை மட்டும் அனுப்பினால் நான் பெரிய யோக்கியமானவள் போல ஆகிவிடும். அதனால் மிச்சத்தையும் கேள்.

அவனை முதல் தடவை பிடித்தபோது அவனுக்கு இருபத்தைந்து வயது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ "ஆர்னால்ட் வரலையா?" என்று கேட்டார்கள். அம்மாவின் வாயில் துபாய் என்று வந்துவிட்டது. திட்டம் போட்டதெல்லாம் இல்லை. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் எல்லாம் தானாக வந்தது. என்ன சம்பளம், என்ன வெயில், எப்போது லீவு என்று ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்குச் செராங்கூன் ரோட்டில் ரஃபீக் பாயின் கடையில் எட்டுப் பெட்டி பேரீச்சம்பழம் வாங்கினேன், அரபு எழுத்துப் போட்ட பெட்டியாகப் பார்த்து. ஆர்னால்ட் அனுப்பினான் என்று வீடு வீடாகக் கொடுத்தோம். "துபாய்ல இருந்து வர்றவங்க எல்லாம் நம்ம கடையிலதான் மா வாங்குறாங்க" என்று ரஃபீக் பாய் பில் போட்டுக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

கல்யாணமான புதிதில் திங்களும் வியாழனும் ஓவர்டைம் என்று தாமதமாக வருவானே, அது ஓவர்டைம் இல்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போய்வந்தான். பரிசோதனை இருந்தவரை ஒழுங்காகத்தான் இருந்தான். அது முடிந்த பிறகு எப்போது ஆரம்பித்தான் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

முதல் தடவை உள்ளே இருந்துவிட்டு அவன் வெளியே வந்ததும் அம்மா சொன்னது ஒன்றுதான். "ஒரு கால்கட்டு போட்டுட்டா சரியாயிடுவான்." எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். ஆனால் பெண்ணைத் தேடியது நான். ஈப்போவிலிருந்து வந்து கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறாள், பாடுகிறாள், பொறுமைசாலி, நோய் என்றால் முகம் சுளிக்கமாட்டாள் என்று அம்மாவிடம் உன்னைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். அவனுக்கு உன்னை மருந்தாக எழுதிக் கொடுத்துவிட்டோம். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது ஓலை வாசித்த அன்று பூசை முடிந்ததும் சாமியார் வீட்டுக்குப் போனேன். தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என்னம்மா ஜெனி?" என்றார். சொல்லத்தான் போனேன். "அடுத்த வாரம் காணிக்கைப் பாட்டு எது சாமி?" என்று கேட்டேன். அவர் எண்ணைச் சொன்னார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டால் உனக்கு மனது இளகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அதை எழுதவில்லை.

ஜெனிவீவ்


ஈப்போ
2 ஏப்ரல் 2025

ஜெனி அக்கா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை கிழிக்கப் போனேன். முடியவில்லை. காரணம் நீங்கள் இல்லை, நான்தான்.

நீங்கள் துபாய் சொன்னீர்கள். நான் டெங்கி சொன்னேன். செலீனா பிறந்த மறுவருடமே எனக்குத் தெரிந்துவிட்டது. அலமாரிக்குப் பின்னால் கருகிய அலுமினியத் தாள், கடித்த ஸ்ட்ரா, ஒரு கண்ணாடிக் குழாய். மூன்று நாள் தூங்காமல் மின்விசிறியைக் கழற்றி மாட்டுவார், வாஷிங் மெஷினைக் கழற்றி மாட்டாமலே விடுவார். பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவே மாட்டார். அவருடைய சூப்பர்வைசர் சேதுபதி போன் செய்யும்போதெல்லாம் நான்தான் பேசுவேன். ஒரே வருடத்தில் அவருக்கு இரண்டு முறை டெங்கி வந்தது. ரத்தத் தட்டணுக்கள் எவ்வளவு என்று எண்ணிக்கைகூடச் சொன்னேன். நான் நர்ஸ், எனக்குச் சுலபம்.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2024 மே 14, செவ்வாய்க்கிழமை. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கை கால் வாய்ப்புண் பரவுகிறது என்று மூடிவிட்டார்கள். எனக்கு லீவு தீர்ந்திருந்தது. செலீனாவை அவரிடம் விட்டுவிட்டுப் போனேன். மதியம் மூன்று பத்துக்குத் திரும்பி வந்தேன். கதவைத் திறக்கவில்லை. "யாரு உன்ன அனுப்புனா?" என்றார் உள்ளேயிருந்து. இருபது நிமிடம் வெளியே நின்று, நான் நான்தான் என்று நிரூபித்தேன். காலையிலிருந்து கதவுத் துளையில் கண்ணை வைத்தபடி நின்றிருக்கிறார். வெளியே யாரோ நிற்கிறார்களாம்.

உள்ளே போனபோது செலீனா சமையலறையில் ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். ஜன்னல் கம்பிக் கதவு திறந்திருந்தது. நம் வீடு பதினோராவது மாடி. பாதி உடம்பு வெளியே. "அம்மா, பஸ்" என்று காட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. இந்த வரியைத்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே கிளம்பியிருந்தால் இப்போது உங்களைக் கேள்வி கேட்கும் யோக்கியதை எனக்கு இருந்திருக்கும். நான் கிளம்பவில்லை. கடைக்குப் போய் ஜன்னலுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தேன். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு முறை அவளை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவளைப் பார்த்துக்கொள்ள உங்களிடம் சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். பூட்டு இருக்கிறதே என்று போனேன். மூன்று வாரம் கழித்துத்தான் ஈப்போ பஸ் ஏறினேன்.

இன்னொன்று. நான்தான் போலீசுக்குப் போன் செய்து அவரைப் பிடித்துக்கொடுத்தேன் என்று அத்தை கோயில் பங்கு முழுக்கச் சொல்கிறாராம். எதிர்வீட்டு ரஞ்சிதம் மெசேஜ் அனுப்பினாள். மனதில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று அவர் சொன்னதும் இதைத்தானே? நான் போன் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும். அதைக்கூடச் செய்யாதவள் நான்.

கேட்லின்


பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

அன்புள்ள கேட்லின்,

போன் செய்தவள் நான்.

சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்று இரண்டு தாள் வீணாக்கினேன். நீ போன அடுத்த மாதம், ஜூலையில், ஒரு வியாழக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டி, தாடை ஓயாமல் அசைந்துகொண்டு, முழங்கையைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கியிருந்தான். ஆனால் ரொம்பச் சந்தோஷமாக இருந்தான். சட்டைப் பையிலிருந்து மறுநாள் காலை ஈப்போ போகும் பஸ் டிக்கெட்டை எடுத்துக் காட்டினான். "பாப்பாவைத் தூக்கிட்டு வந்துடறேன் கா. அங்க அவளை யாரோ வாட்ச் பண்றாங்க. கேட்லினுக்குச் சொன்னா புரியாது லா" என்றான்.

காபி போட்டுக் கொடுத்தேன். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, லிஃப்ட் பக்கத்தில் நின்று போன் செய்தேன். அவன் பெயர், அவன் வீட்டு எண், எல்லாம் சொன்னேன். பால் வாங்கிக்கொண்டு மேலே வந்து இரண்டாவது காபி போட்டேன். நல்லா இருக்கு கா என்று குடித்தான். அன்று சாயங்காலம் அவன் அடுக்குமாடி புளோக்கின் கீழே வைத்துப் பிடித்தார்கள்.

முதல் தடவை பார்க்கப் போனபோது, "இது கேட்லின் பண்ண வேலை கா" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார். அம்மா உன்னைத் திட்டும்போதெல்லாம் நான் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். உன்னையும் பிள்ளையையும் காப்பாற்றத்தான் போன் செய்தேன், அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் பழியை உன் தலையில் விட்டது அம்மாவுக்குப் பயந்துதான். நீ தூரத்தில் இருந்தாய். தூரத்தில் இருப்பவர்கள்மேல் போடுவது சுலபம்.

உன் கடிதம் வந்த பிறகு, இப்படிப்பட்ட குடும்பங்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போனேன். தேக்கா பக்கம் சமூக நிலையத்தில், மாடியில் ஓர் அறை. நான்கைந்து பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போதவில்லை. ஒரு வக்கீல், ஒரு டாக்ஸிக்காரர், பதினேழு வயதுப் பெண்ணின் அப்பா ஒருவர். என் பக்கத்தில் அஸ்மத் அக்கா, ஜவுளிக்கடை வைத்திருப்பவர். "எங்க யாசர் ரெண்டு வருஷம் ஜித்தால இருக்கான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தோம்" என்றார். இன்னொருவர் வீட்டில் கப்பல் வேலை என்று சொல்லியிருந்தார்களாம். இவ்வளவு பேர் வெளிநாட்டில் சம்பாதித்தால் நாம் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஒரே கோயிலில், ஒரே மார்க்கெட்டில், ஒரே புளோக்கில் இருந்துகொண்டு ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கையெழுத்துப் போட நீ வராதே. முதல் கடிதம் அம்மா சொல்லி எழுதியது. இதை நான் எழுதுகிறேன்.

ஜெனி


ஈப்போ
24 ஏப்ரல் 2025

ஜெனி அக்கா,

ஒன்பது மாதம்.

ஒன்பது மாதமாகச் சிங்கப்பூரிலிருந்து வருகிற யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புருஷனைப் பிடித்துக்கொடுத்தவள். என் அம்மாகூட ஒருநாள், "செஞ்சிருந்தா சொல்லிடு மா" என்றார்.

போன் செய்ததற்கு நன்றி. அந்த பஸ்ஸில் அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் பழியை என்மேல் விட்டதை இப்போதைக்கு மன்னிக்க முடியாது. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுதுவது உங்களுக்குச் சுலபமாகிவிட்டது. நான் தாளில்தான் இருக்கிறேன். அத்தையிடம் சொல்லுங்கள். அவரிடமும் சொல்லுங்கள். மே 14-ஐயும் சொல்லுங்கள், என் கடிதத்தை எடுத்துப்போய் வாசித்தாலும் சரி. அவருக்கு அது நினைவில் இல்லை. மறுநாள், "நேத்து பாப்பாவோட நல்லா விளையாடினேன்" என்றார். நான் திருத்தவில்லை.

கேட்லின்


பஃபலோ ரோடு, சிங்கப்பூர்
18 மே 2025

அன்புள்ள கேட்லின்,

சொல்லிவிட்டேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை ஆய்ந்தார். பிறகு, "பெத்திருந்தா தெரியும்" என்றார். எனக்குப் பிள்ளை இல்லை என்பதை நாற்பத்தொரு வயதுவரை ஒருநாளும் சொல்லிக் காட்டாதவர். இப்போது தனக்கு மட்டும் சமைத்துக்கொள்கிறார். பூசைக்குத் தனியாகப் போகிறார். ஆனால் உன்னைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். போன ஞாயிறு கோயில் வாசலில் யாரோ உன் பேச்சை எடுத்தபோது, "அது அவ இல்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். யார் என்று சொல்லவில்லை. அவரால் அவ்வளவுதான் முடியும்.

ஆர்னால்டிடம் சொன்னது வெள்ளிக்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் போன். நான்தான் என்று சொன்னதும் ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாதி நேரம் அப்படியே போனது. மறுபடி எடுத்து, "காபி குடுத்தியே கா" என்றான். ஆமாம் என்றேன்.

பிறகு உன் கடிதத்தைக் கண்ணாடிக்கு எதிரே வைத்து வாசித்தேன். "இல்ல கா, அன்னைக்கு நாங்க விளையாடினோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றான். நான் இன்னொரு முறை வாசித்தேன். ஸ்டூல், ஜன்னல், பஸ். மூன்றாவது முறை வாசிக்கச் சொன்னான். நேரம் முடியப்போகிற சமயத்தில் ஒன்று கேட்டான்.

"அன்னைக்கு அவ என்ன சாப்பிட்டா?"

எனக்குத் தெரியாது. அம்மா கொடுத்தனுப்பிய சோறு இருந்ததாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது, கேட்லின். பார், எவ்வளவு பழகியிருக்கிறது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போன் கட்டாகிவிட்டது.

அவனை வீட்டுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டேன். என் பெயரைப் போட்டிருக்கிறேன். போன் செய்தவள் வீட்டில் வந்து இருக்கச் சம்மதிப்பானா என்று தெரியவில்லை. சம்மதித்தாலும் அவன் மறுபடி ஐஸைத் தொடமாட்டான் என்று நான் உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இரண்டு முறை திருந்திவிட்டான் என்று நினைத்தவள் நான்.

அவன் கேட்டதற்குப் பதில் எழுத உனக்கு மனதில்லை என்றால் விட்டுவிடு.

ஜெனி


ஈப்போ
29 மே 2025

ஜெனி அக்கா,

காலை ஏழு மணிக்கு நான் ஊட்டிவிட்டுப் போனது இரண்டு இட்லி. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மதியத்துக்குச் சோறும் பருப்பும் பிசைந்து, டப்பாவில் மூடி, அடுப்பு மேடையின் உள்பக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். திறக்கவே இல்லை. ஸ்டூலை அவள் இழுத்துப் போட்டது பஸ் பார்க்க இல்லை. டப்பாவை எடுக்கத்தான். அது எனக்கு ஈப்போ வந்த பிறகுதான் புரிந்தது. டப்பா எட்டவில்லை. ஜன்னல் எட்டியது.

நான் வந்து ஊட்டும்போது மணி மூன்றே முக்கால். ஒரு டப்பா முழுவதையும் சாப்பிட்டாள். இரண்டு வயது பதினோரு மாதம்.

இதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். குறைக்க வேண்டாம், கூட்டவும் வேண்டாம். நான் வரமாட்டேன் என்பதையும் சொல்லுங்கள். அவர் கேட்டது நல்ல கேள்வி. அதற்காக நான் வரமுடியாது.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று அவளுக்கு ஊட்டி முடித்ததும், பானையில் இருந்த மிச்சச் சோற்றைச் சூடாக்கி அவருக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தேன். ஏன் பிள்ளையைப் பட்டினி போட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிடுங்க என்று மட்டும் சொன்னேன். அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேட்லின்